டீசல் எந்தப் பக்கம்?

மின்விசிறி நின்றது. மூன்று இறக்கைகளும் கடைசிச் சுற்றைச் சோம்பலாக முடிக்கும்வரை நான் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆதிரை முகத்தைச் சுளித்தாள், புரண்டாள், ஆனால் விழிக்கவில்லை.

அப்போது என் மகளுக்கு ஒன்றரை வயது. கழுத்து மடிப்பில் வேர்க்குரு. விசிறி நின்றால் ஐந்து நிமிடம் தாங்குவாள், அதற்கு மேல் தாங்க மாட்டாள். அந்த ஐந்து நிமிடத்துக்குள் எத்தனை விடைத்தாள்களைத் திருத்திவிடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். வலது கையில் சிவப்புப் பேனா. இடது கையில் ஒரு நோட்டு அட்டை, அவளுக்கு வீச.

எட்டாம் வகுப்பு அறிவியல் தேர்வு. ஆற்றல் வளங்களை இரண்டாகப் பிரித்து எழுதச் சொல்லியிருந்தேன். இடது பக்கம் புதுப்பிக்கத்தக்கவை, வலது பக்கம் புதுப்பிக்க இயலாதவை. மாணவர்கள் மதிப்பெண் எடுக்கட்டும் என்று நானே தேடி வைத்த சுலபமான கேள்வி அது.

முதல் தாளில் டீசல் இடது பக்கம் இருந்தது. தவறு போட்டேன். இரண்டாவது தாளிலும் இடது பக்கம். மூன்றாவதிலும். ஏழாவது தாளுக்கு வந்தபோது பார்த்து எழுதியிருப்பார்களோ என்று சந்தேகம் வந்தது. ஆனால் கையெழுத்து வேறு, எழுத்துப் பிழைகள் வேறு, ஒன்றுக்கொன்று எட்டாத இருக்கைகள்.

வகுப்பில் இருபத்திரண்டு பேர். இருபத்திரண்டு பேரும் டீசலைப் புதுப்பிக்கத்தக்கது என்று எழுதியிருந்தார்கள். பாதிப் பேர் சூரியனைத் தூக்கி நிலக்கரிக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள்.

ஆதிரை எழுந்து அழ ஆரம்பித்தாள். எனக்கும் ஏறக்குறைய அந்த நிலைமைதான்.

ஒரு பாடம் பார்ப்போம்

‘உங்கள் தீவில் கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்?’ என்று இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி கேட்டு எழுதியிருந்தார். அதற்குப் பதில் சொல்ல உட்கார்ந்தபோதுதான் இந்தக் கதை நினைவுக்கு வந்தது.

போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் வந்து சேர வேண்டிய இந்த ஹட் பேயில் எங்களுக்குக் கரண்ட் என்றால் டீசல். பவர் ஹவுஸில் டீசல் எரிந்தால் விசிறி ஓடும். டீசல் கப்பலில் வர வேண்டும். கடல் கெட்டுப்போய்க் கப்பல் தாமதமானால், இருக்கிற டீசலை நீட்டிக்க ஒவ்வொரு தெருவாகக் கரண்டை நிறுத்துவார்கள். திரும்ப வந்ததும் தெருவே ‘வந்துச்சு’ என்று கத்தும், அல்லது இந்தியில் ‘ஆ கயா’ என்று கத்தும். ஆதிரை ‘அம்மா’வுக்கு அடுத்து கற்றுக்கொண்ட சொல்லே ‘வந்துச்சு’தான்.

பிரசவ விடுப்பு முடிந்து, அதற்கு மேலும் சில மாதங்கள் எடுத்துக்கொண்டு, நான் பள்ளிக்குத் திரும்பியிருந்த சமயம். இடையில் எட்டாம் வகுப்பு அறிவியலுக்கு இரண்டு பேர் மாறி மாறி வந்து போயிருந்தார்கள். எங்கள் தலைமை ஆசிரியை சூசம்மா மேடம் கேரளத்துக்காரர், கோபப்பட்டாலும் குரல் உயராது. போர்ட் பிளேரிலிருந்து கல்வி அதிகாரி ஒருவர் வருவார், உன் பாடம் ஒன்றைப் பார்ப்பார், அதன் பிறகு எட்டு உன்னிடம் இருக்கட்டுமா அல்லது சின்ன வகுப்புகளுக்குப் போகிறாயா என்று முடிவு செய்யலாம் என்றார்.

சின்ன வகுப்பு எடுப்பது கேவலமில்லை. ஆனால் ஆசிரியர் அறையில் எல்லோரும் அதை எனக்கு ஒரு சலுகை போலச் சொன்னார்கள். கைக்குழந்தைக்காரிக்கு அதுதான் சௌகரியம், நோட்டு திருத்தும் வேலை குறைவு, மதியமே வீட்டுக்குப் போய்விடலாம். ஒருவர்கூட நக்கலாகச் சொல்லவில்லை. அந்தப் பரிவுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. ஒருவேளை அவர்கள் சொல்வது சரிதானோ? பாடம் நடத்தும்போது என் பாதிக் காது வீட்டில்தான் இருந்தது. ஆதிரையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பத்மா அக்கா இடைவேளையில் அழைப்பை எடுக்கத் தாமதித்தால் மறுபடி மறுபடி அழைத்துக்கொண்டிருப்பேன்.

இப்போது இந்த இருபத்திரண்டு தாள்கள்.

கப்பல் வரும் மிஸ்

மறுநாள் வகுப்பில் தாள்களைக் கொடுக்காமல் ஒன்றே ஒன்று கேட்டேன். டீசலை ஏன் அந்தப் பக்கம் எழுதினீர்கள்?

எங்கள் வகுப்பில் வங்காளி வீட்டுக் குழந்தைகள், தெலுங்கு வீட்டுக் குழந்தைகள், தமிழ் வீட்டுக் குழந்தைகள் எல்லோரும் உண்டு. பேச்சு இந்தியில் நடக்கும். அதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

கடைக்காரர் மகன் தபன் எழுந்தான். இவ்வளவு தெளிவான விஷயத்தை ஒரு டீச்சர் கேட்கிறாரே என்ற பரிதாபம் அவன் முகத்தில்.

“தீர்ந்துபோனா அடுத்த கப்பல்ல வரும் மிஸ். வராம எங்க போகும்?”

அப்படியானால் சூரியன்?

“அது வந்தா உண்டு, வராட்டி இல்ல. மழைக்காலத்துல பத்து நாள் முகத்தையே காட்டாது. கப்பலுக்காவது அட்டவணை இருக்கு.”

வகுப்பு தலையாட்டியது. நான் ஒரு பெண்ணின் நோட்டை வாங்கிப் புரட்டினேன். புதுப்பிக்கத்தக்கது என்றால் என்ன என்பதற்கு நான் சொல்லிக் கொடுத்த விளக்கம் அழகான கையெழுத்தில் இருந்தது: ‘பயன்படுத்திய பிறகும் மீண்டும் கிடைப்பது.’ அரிசி, வெங்காயம், சிமென்ட், பாடப்புத்தகம் என்று எல்லாமே தீர்ந்து, மீண்டும் கப்பலில் வந்து இறங்கும் தீவில் வளரும் பிள்ளைகளிடம் அந்த வாக்கியத்தைக் கொடுத்துவிட்டு, நான் வேறு எதை எதிர்பார்த்தேன்?

நான்கு பால் பவுடர்

அவர்களைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் பிறந்தது போர்ட் பிளேரை ஒட்டிய சிப்பிகாட்டில். அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து போர்ட் பிளேருக்கு அரசு வேலைக்கு வந்தவர். பி.எட். படிக்க மதுரைக்குப் போனேன். விடுதியில் சேர்ந்த முதல் வாரம் பால் பவுடர் வாங்கக் கடைக்குப் போய், நான்கு பொட்டலம் எடுத்துக்கொண்டு, அடுத்த லோடு எப்போது வரும் என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. நாளைக்குக் காலையில் வாம்மா, அப்போதும் இருக்கும் என்றார். நான் நம்பவில்லை. என் பெட்டிக்குள் சோப்பு, தேங்காய் எண்ணெய், பிஸ்கட் எல்லாம் மும்மூன்றாக அடுக்கியிருந்ததைப் பார்த்து அறைத்தோழிகள் ‘ஸ்டோர் ரூம்’ என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். படிப்பு முடியும்வரை அந்தப் பெயர் போகவில்லை.

ஒரு பொருள் எங்கிருந்து வருகிறது என்று நான் யோசித்ததே இல்லை. எப்போது வரும் என்று மட்டுமே யோசித்திருக்கிறேன்.

செல்லையா அண்ணனின் கம்பி

பத்மா அக்காவின் கணவர் செல்லையா அண்ணன் பவர் ஹவுஸில் ஆபரேட்டர். அவர் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, இங்கே எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் வேலைக்கு அமர்த்தப்பட்ட குடும்பங்களில் ஒன்று. டீசல் தீர்வதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தால் புரிந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. சூசம்மா மேடத்திடம் கடிதம் வாங்கி, அனுமதி கேட்டு, இருபத்திரண்டு பேரையும் வரிசையாக நடத்திக் கூட்டிப்போனேன்.

வேலிக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. உள்ளே இயந்திரங்கள் போட்ட இரைச்சலில் காலடி மண் அதிர்ந்தது. பெண்கள் காதில் விரல் வைத்துக்கொண்டார்கள். டீசல் வாடை தொண்டையில் ஒட்டியது. செல்லையா அண்ணன் டாங்கியின் மேல் ஏறி, மூடியைத் திறந்து, ஓர் ஆளைவிட உயரமான கம்பியை உள்ளே விட்டு எடுத்தார். நனைந்த இடத்தில் விரல் வைத்துக் காட்டினார்.

“இதுதான் புள்ளைகளா நம்ம சொத்து. இந்த விரலுக்குக் கீழ உள்ளதுதான் உங்க ஃபேன், உங்க டிவி, உங்க ஆத்தா அரைக்கிற மிக்சி எல்லாம்.”

தினமும் காலையில் அளவைச் சொல்வதாக ஒப்புக்கொண்டார். பள்ளிக்கு அந்த வழியாக வரும் சிவமலர் கேட்டு வருவதென்று ஏற்பாடு. பழைய தோட்டக் குடியிருப்பில் இருக்கும் பெண். அவளும் இலங்கையிலிருந்து வந்த குடும்பம்தான். வகுப்பில் என்னிடம் தமிழில் பேசுவாள், அதுவும் கேட்டால் மட்டும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பாள் என்பதைத் தவிர அவளைப் பற்றி அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

இறங்கிய கோடு, ஏறிய கோடு

பின்சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டினோம். சிவமலர் வந்து சொல்லும் எண்ணை ஒருவர் புள்ளியாக வைப்பார், இன்னொருவர் கோடு இழுப்பார்.

கடல் அந்த வாரம் கெட்டுப்போனது. டீசல் கப்பல் வரவில்லை. அதிகாரி வரவேண்டிய பயணிகள் கப்பலும் ரத்தானது. கோடு தினமும் இறங்கியது. கரண்ட் நிறுத்தும் நேரம் கூடியது. ஆதிரையின் வேர்க்குரு முதுகுக்கும் பரவியது. நான் அவளுக்கு விசிறிக்கொண்டே, கோடு இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று ஆசைப்பட்டேன். என்ன தாய் நான் என்று அடுத்த நொடியே வெட்கமாக இருந்தது.

ஆனால் வகுப்பில் கதை மாறிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கோட்டைப் பார்த்துக் கவலைப்பட ஆரம்பித்திருந்தார்கள். தீர்ந்துவிடுமா என்று ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள். புரிந்துவிட்டது, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் கடல் தணிந்தது. ஒரே நாளில் இரண்டு கப்பலும் ஜெட்டிக்கு வந்தன; கப்பல் வந்து நிற்கும் துறைமேடையை நாங்கள் ஜெட்டி என்போம். அடுத்த நாள் காலை சிவமலர் கொண்டுவந்த எண்ணைத் தாளில் வைத்தபோது கோடு விர்ரென்று மேலே ஏறி, நாங்கள் தொடங்கிய இடத்தையும் தாண்டிப் போனது. வகுப்பு கைதட்டியது. தபன் பெஞ்சுமேல் ஏறாத குறை.

“பாத்தீங்களா மிஸ், ரினியூ ஹோ கயா.”

புதுப்பித்தாகிவிட்டது என்கிறான். என் சொந்தத் தாள், என் சொந்தச் சுவர், என் பாடத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. நேற்றைய கப்பலில் அதிகாரி வந்து இறங்கிவிட்டார், நாளை முதல் பீரியட் உன் வகுப்புக்குத்தான் வருகிறார் என்று சூசம்மா மேடம் சொல்லி அனுப்பினார். பிறகு அவரே வந்து சுவரைப் பார்த்தார். இதைக் கழற்றிவிட்டுப் பாடப்புத்தகப் படத்தை ஒட்டிவிடு, பிள்ளைகளை மனப்பாடம் செய்து வரச் சொல் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

கழற்றப் போனேன். நான்கு மூலையில் இரண்டு மூலையின் டேப்பை உரித்தும்விட்டேன். மேலே ஏறியிருந்த அந்தக் கோட்டில் விரல் வைத்தபடி நின்றபோதுதான், இது ஏறினால் வேறு எங்கோ ஒன்று இறங்கியிருக்க வேண்டுமே என்று தோன்றியது. அந்த இறங்கிய கோட்டை நாங்கள் வரையவே இல்லை.

டேப்பைத் திரும்ப ஒட்டினேன். இது சரிவருமா என்று வீடு போய்ச் சேர்வதற்குள் பத்து முறை மனம் மாறியது.

பூமிக்கு எந்தக் கப்பல்?

மறுநாள் காலை ஆதிரைக்கு உடம்பு லேசாகச் சுட்டது. பத்மா அக்கா அவளை என் இடுப்பிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

“நீ போ. காய்ச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல, புழுக்கம். பாடத்த முடிச்சிட்டு வந்து புள்ளையப் பாரு.”

வகுப்பில் அந்தத் தாளுக்குப் பக்கத்தில் இன்னும் நான்கு வெள்ளைத் தாள்களை வரிசையாக ஒட்டினேன். நம் டாங்கியில் ஏறிய டீசல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கப்பலிலிருந்து என்றார்கள். அப்படியானால் கப்பலில் என்ன ஆகியிருக்கும்? இறங்கியிருக்கும். இரண்டாவது தாளில் கோட்டைக் கீழே இழுத்தேன். கப்பலை நிரப்பியது யார்? போர்ட் பிளேர் டாங்கி. அங்கே? இறங்கியிருக்கும். அதை நிரப்பியது யார்? மெயின்லேண்டிலிருந்து வரும் பெரிய கப்பல். இப்போது பிள்ளைகளே ஓடிவந்து கோட்டைக் கீழே இழுக்க ஆரம்பித்தார்கள். ஒரு தாளில் ஏறினால் அடுத்த தாளில் இறங்கியது.

மெயின்லேண்டில் யார் நிரப்புவார்கள் என்றதும் வண்டி நின்றது.

“கவர்மென்ட் கொடுக்கும் மிஸ்” என்றான் தபன். வகுப்பு சிரித்தது. கவர்மென்டுக்கு எங்கிருந்து கிடைக்கும் என்றேன். முன் பெஞ்சில் ஒருத்தி அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டி, மண்ணுக்கு அடியில், கடலுக்கு அடியில் தோண்டி எடுப்பார்கள் என்று படித்தாள்.

கடைசித் தாளில் பூமி என்று எழுதி, கோட்டைக் கீழே இழுத்தேன்.

“இங்கேயும் இறங்கிவிட்டது. இதை யார் வந்து நிரப்புவார்கள்?”

பேனாவை மூடியபடி கதவுப் பக்கம் திரும்பினேன். சூசம்மா மேடமும் அதிகாரியும் நின்றிருந்தார்கள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அதிகாரி கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். கப்பல் ஆட்டம் இன்னும் அவர் முகத்திலிருந்து இறங்கவில்லை.

கடைசி பெஞ்ச் நகரும் சத்தம் கேட்டது. சிவமலர் எழுந்து நின்றாள்.

“அங்க யாரும் வர மாட்டாங்க டீச்சர். நமக்குக் கப்பல் வரும். பூமிக்கு எந்தக் கப்பல் வரும்? அங்க ஜெட்டியே இல்லையே.”

அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. கடையில் தமிழ் கேட்டுப் பழகிய தபன், யாரும் கேட்காமலே அதை அவருக்கு இந்தியில் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது போலிருக்கிறது. சுவரிலிருந்த ஐந்து தாள்களையும் ஒருமுறை பார்த்தான்.

மண்ணுக்கு அடியில் அது புதிதாக உண்டாகவே உண்டாகாது என்று இல்லை, ஆனால் அதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்று நான் சேர்த்துக்கொண்டேன்.

“அப்ப அந்தக் கப்பல் கேன்சல்னே எழுதிடலாம் மிஸ்” என்றான் தபன்.

அதிகாரி உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார், பிறகு சிவமலரைப் பார்த்தார். சூரியன் ஒரு வாரமாக வரவில்லையே, அதை எந்தப் பக்கம் எழுதுவாய் என்று கேட்டார். தேர்வில் பாதி வகுப்பு விழுந்த குழி அது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“அது வராம இல்ல சார், அவுட்டர்ல நிக்குது” என்றாள் அவள், இந்த முறை இந்தியில்.

கடல் மோசமாக இருந்தால் கப்பல் ஜெட்டியில் கட்டாமல் வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கும். அதைத்தான் நாங்கள் அவுட்டரில் நிற்கிறது என்போம். மேகத்துக்கு மேலே சூரியன் அப்படித்தான் நிற்கிறது, மேகம் விலகினால் வந்து சேரும், நாம் எவ்வளவு எடுத்தாலும் அதில் கோடு இறங்காது என்று அவள் விளக்கினாள். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். முந்தாநாள் கடல் தணியும்வரை அவரே அரை நாள் அவுட்டரில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர். கடைசி பெஞ்சில் சிவமலருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பாடத்தைத் தொடருங்கள் என்று கையைக் காட்டினார். பீரியட் முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

அன்று அந்த ஒரு பீரியடில் வீட்டுப் பக்கம் என் காது போகவே இல்லை என்பதை மணி அடித்த பிறகுதான் கவனித்தேன். பயந்துபோய் ஓடி வந்து பத்மா அக்காவை அழைத்தேன். பிள்ளை இட்லி தின்றுகொண்டிருக்கிறாள், காய்ச்சல் இல்லை என்றார்.

சூசம்மா மேடம் நடையில் என்னைப் பிடித்தார். அந்தச் சுவரை அப்படியே வை, கழற்றாதே என்றார். ஒரு நிமிடம் கழித்து, போகிற போக்கில்,

“எட்டு நீயே எடுத்தா மதி. அடுத்த வருஷம் ஒன்பதும் பாரு” என்றார். ‘மதி’ என்றால் அவர் மலையாளத்தில் ‘போதும்’.

சின்ன வகுப்பின் சௌகரியத்தைப் பற்றி அதன் பிறகு ஆசிரியர் அறையில் யாரும் பேசவில்லை.

அரை மதிப்பெண்

அதே கேள்வியை அந்த வார இறுதியில் மறுபடி கொடுத்தேன். அதே மேசை, அதே சிவப்புப் பேனா, கட்டிலில் ஆதிரை. மதியம் விசிறி நின்றது. நான் நோட்டு அட்டையை எடுத்துக்கொண்டேன்.

முதல் தாள் சரி. இரண்டாவது சரி. சிவமலர் தாளின் ஓரத்தில் ஒரு சின்ன ஜெட்டி வரைந்து குறுக்கே அடித்திருந்தாள். இருபத்தொரு தாள் முடிந்தும் டீசல் ஒன்றில்கூட இடது பக்கம் வரவில்லை. சிவப்புப் பேனாவில் சரி போட்டுப் போட்டு விரல் வலித்தது. அப்படி ஒரு வலியை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

கடைசித் தாள் தபனுடையது. டீசலைச் சரியாக வலது பக்கம் எழுதியிருந்தான். அதற்குக் கீழே, பென்சிலில், எனக்கு மட்டும் சொல்வதுபோலப் பொடியாக இன்னொரு வரி: ‘ஆனால் ஹட் பேயில் அடுத்த கப்பலில் வரும்.’

கேட்காததை எழுதியதற்கு அரை மதிப்பெண் குறைத்தேன்.

தலைக்கு மேலே ஒரு கிரீச். இறக்கைகள் மெதுவாக நகர்ந்து, பிறகு வேகம் பிடித்தன. தாள்கள் படபடத்தன. தெருவில் கூச்சல் கேட்டது. ஆதிரை கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கலைந்த தலையுடன் விசிறியைப் பார்த்துக் கைதட்டினாள்.

“வந்துச்சு.”

தபனுக்கு அந்த அரை மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன்.